விளையாடுவோர் கோபமும் விளையாட்டின் உடைமையும்

வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் முற்போக்கு அன்பர்கள் நம்மிடையே உளர். அது சிறுவரின் பொழுதைக் கொல்லும் பொருள். ஏகாதிபத்தியம் நமக்கு அனுப்பிய இன்னொரு மயக்கமருந்து. அதைப்பற்றி இலக்கிய ஏடொன்றிலே பேச என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நாவலைப் பற்றியும் பின்னர் சினிமாவைப் பற்றியும் இதே வாதம் ஒருகாலத்திற் கூறப்பட்டது. எழுத்தும் இசையும் ஓவியமும் நடிப்பும் கணிதமும் ஒன்றுசேர, பல நூறு பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கும் பொருளொன்று நம் மாணவரின் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. அதை ஆக்குபவர் யார், அதனால் ஆதாயம் அடைபவர் யார் என்று கேளாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு முற்போக்கு என்று பெயரில்லை. ஆசாரம் என்று வேண்டுமானாற் கூறலாம். நாமும் விளையாடுபவர்களே. பாடக்குறிப்பு எழுதி முடித்த இரவுகளில் விளையாடுகின்றோம். அதை ஒளிக்கவேண்டிய அவசியம் எதுவும் நமக்கில்லை.

எனினும் இக்கட்டுரை அந்த அன்பர்களுக்காக எழுதப்படவில்லை. விளையாடுவோரை நோக்கியே சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

விளையாடுவோர் கோபங்கொண்டிருக்கின்றனர். 2025 ஏப்ரிலில் நின்டெண்டோ கொம்பனி தனது புதிய 'மாரியோ கார்ட்' விளையாட்டுக்கு 80 டொலர் விலை அறிவித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் மைக்ரோசொப்ட், தனது 'கேம் பாஸ்' சந்தாவின் உயர்ந்த வகுப்பை மாதம் 20 டொலரிலிருந்து 30 டொலருக்கு ஒரே பாய்ச்சலில் உயர்த்தியது. வேலை முடியாத விளையாட்டுக்கள் முழுவிலைக்கு விற்கப்படுகின்றன. விருப்பமான ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாய் மூடப்படுகின்றன. கோபம் நியாயமானதே. ஆனால் அது பாய்கின்ற திசை யாது? 2014இல் 'கேமர்கேட்' என்ற பெயரிற் கிளம்பிய கூட்டம், இத்துறையிற் பணிபுரிந்த பெண்கள் சிலரை அவர்கள் தம் வீட்டைவிட்டு வெளியேறும் அளவுக்கு மிரட்டியது. பத்தாண்டு கழித்து, 2024இல், கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள சிறியதோர் எழுத்தாலோசனை நிறுவனத்தின் ஊழியர்மீது அதே வசை பொழியப்பட்டது. கதையிலே கறுப்பினப் பெண்ணொருத்தி வந்துவிட்டாள்; ஆகவே விளையாட்டுக் கெட்டது; ஆகவே விற்பனை விழுந்தது; ஆகவே ஸ்டூடியோ மூடப்பட்டது. இதுவே இவர்களின் பொருளாதார விஞ்ஞானம்! வாங்குபவரின் பையிற் கைவைப்பவரும் ஆக்குபவரை வீதியில் விடுபவரும் ஒருவரே என்பதை மறைப்பதற்கு இதைவிட வாய்ப்பான திரை முதலாளிகளுக்குக் கிடைக்குமா?

நடந்தவற்றைச் சற்று நிதானமாக நோக்குவோம். 2023 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட், அக்டிவிஷன் பிலிசார்ட் என்ற பெருங்கொம்பனியை 6,870 கோடி டொலர் கொடுத்து விழுங்கியது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது; பிரித்தானிய அதிகாரசபை முதலில் தடுத்துப் பின்னர் இணங்கியது. இதனால் விளையாடுவோருக்கு நன்மையே விளையும் என்று அப்போது வாதாடப்பட்டது. மூன்று மாதங் கழிந்தது. 2024 ஜனவரியில் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். மே மாதத்தில், 2021இல் அதே கொம்பனி வாங்கியிருந்த ஸ்டூடியோக்கள் சிலவற்றின் கதவு அடைபட்டது. டோக்கியோவிலிருந்த டாங்கோ கேம்வேர்க்ஸ் அவற்றுள் ஒன்று.

டாங்கோவைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். 2023 ஜனவரியில் அது வெளியிட்ட 'ஹை-பை ரஷ்' என்ற விளையாட்டிலே எல்லாம் தாளத்துக்கு அமைந்தவை. நாயகனின் அடியும் எதிரியின் அடியும் பின்னணியிலுள்ள இயந்திரங்களின் அசைவும் ஒரே தாளத்தில் விழும். தாளந் தெரிந்த தவில்காரர் ஒருவரிடம் கொடுத்தால் நம்மைவிட நன்றாக ஆடுவார் என்று நாம் நினைப்பதுண்டு. கதையும் கவனிக்கத்தக்கது. பெருங்கொம்பனி ஒன்று ஓர் இளைஞனைத் தன் பரிசோதனைக்கு உட்படுத்திப் பின்னர் 'பழுதுபட்ட பொருள்' என்று முத்திரை குத்தி அழிக்க முனைகின்றது; அவன் அதன் தலைவர்களை ஒவ்வொருவராக எதிர்த்து அடிக்கின்றான். முப்பது இலட்சம் பேர் அதை ஆடினர். 2024 ஏப்ரிலில் பிரித்தானியாவின் பாஃப்டா பரிசு அசைவூட்டக் கலைக்காக அதற்குக் கிடைத்தது. அடுத்த மாதம் அதை ஆக்கியவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மூடுவிழாவுக்கு அடுத்த நாள் ஊழியர் கூட்டமொன்றிலே, நமக்கு மதிப்பும் பரிசும் தேடித்தரக்கூடிய சிறிய விளையாட்டுக்கள் வேண்டும் என்று அக்கொம்பனியின் ஸ்டூடியோக்களுக்குப் பொறுப்பான தலைவர் பேசியதாகச் செய்தி வந்தது. பரிசு வேண்டும், பரிசு பெற்றவர்கள் வேண்டாம். தாங்கள் எழுதிய கதைக்குள்ளேயே டாங்கோ ஊழியர் வாழ நேர்ந்தது.

சில மாதங்களில், நம் மாணவர் நன்கறிந்த பப்ஜி விளையாட்டை ஆக்கிய தென்கொரியக் கொம்பனியான கிராஃப்டன், டாங்கோவை வாங்கிக்கொண்டது. அவர்கள் திறமை காரணமாகத் தப்பினர் என்று மகிழ்வாருளர். மற்றவரிடம் திறமை இல்லையா? ஒரு முதலாளியின் கணக்குக்கு ஒவ்வாத சரக்கு இன்னொரு முதலாளியின் கணக்குக்கு ஒத்தது, நடந்தது அவ்வளவே.

இதற்கு மறுமொழியாகப் பொருளியல் கற்றோர் ஒன்று கூறுவர். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொரோனாவால் மக்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது விளையாட்டு விற்பனை பெருகிற்று, வட்டி குறைவாயிருந்தது, கொம்பனிகள் அளவுக்குமிஞ்சி ஆட்சேர்த்தன, இப்போது சந்தை தன்னைத்தானே திருத்திக்கொள்கின்றது என்பர். ஆட்சேர்த்ததும் வட்டி குறைந்திருந்ததும் உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் 'சந்தை' என்று பெயருள்ள மனிதர் எவரையும் நாம் அறியோம். பெருக்கத்தைத் தீர்மானித்தவர்கள் சிலர். சுருக்கத்தைத் தீர்மானித்தவர்களும் அவர்களே. இரண்டு முறையும் தம் நாற்காலியை இழக்காதவர்களும் பெரும்பாலும் அவர்களே. மைக்ரோசொப்டின் கணக்காண்டு 2025 யூன் 30ஆந் திகதி முடிந்தது. அவ்வாண்டின் தேறிய இலாபம் 10,000 கோடி டொலருக்கு மேல். யூலை 2ஆந் திகதி, கொம்பனி முழுவதிலும் ஏறத்தாழ 9,000 பேர் நீக்கப்படுவர் என்ற அறிவித்தல் வந்தது. பல ஆண்டுகளாக ஆக்கப்பட்டுவந்த 'பெர்ஃபெக்ட் டார்க்' கைவிடப்பட்டு, அதை ஆக்கிவந்த ஸ்டூடியோவும் மூடப்பட்டது. அதே கணக்காண்டில் செயற்கை நுண்ணறிவுக்கான கணினி நிலையங்களுக்கென 8,000 கோடி டொலர் செலவிடப்போவதாக அக்கொம்பனியே அறிவித்திருந்தது. பணம் இல்லாமையால் எவரும் நீக்கப்படவில்லை. பணத்துக்கு வேறிடத்தில் ஆசை பிறந்தது.

இன்னொரு செய்தி இதனினும் பாரதூரமானது. 2025 செப்டெம்பரில், 'ஃபிஃபா' உதைபந்தாட்ட விளையாட்டுக்களாற் புகழ்பெற்ற எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கொம்பனியை 5,500 கோடி டொலருக்கு வாங்கும் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. வாங்குவோர் சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியம், சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனம், அமெரிக்க ஜனாதிபதியின் மருமகன் ஜாரெட் குஷ்னரின் நிறுவனம் ஆகிய மூவர். இத்தொகையில் 2,000 கோடி டொலர் கடன். இவ்வகைக் கொள்வனவின் சூட்சுமம் நம் வாசகர் அறியவேண்டியது. கடன் வாங்குபவர் ஒருவர். அதைச் சுமப்பது வாங்கப்பட்ட கொம்பனி. அயலவன் உமது தோட்டத்தை வாங்குவதற்கு உமது தோட்டத்தையே ஈடுவைத்து, வட்டியை உமது தோட்டத்துக் கூலியாளின் கூலியில் வெட்டிக்கட்டுவது போன்றது இது. வட்டி எங்கிருந்து வரும்? ஒன்று, சம்பளப் பட்டியலிலிருந்து வரும். மற்றது, விளையாடுவோரிடமிருந்து வரும். உதைபந்தாட்ட விளையாட்டிலே உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சீட்டுப்பொதிகளைக் காசுக்கு விற்கும் வித்தையை இக்கொம்பனி நன்கறியும். பெல்ஜிய நாட்டு அதிகாரிகள் 2018இல் இவ்வகைப் பொதிகள் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்த்தமையால், அங்கு மட்டும் 2019இல் அவற்றுக்கான விற்பனையை நிறுத்தியது. ஏனைய நாடுகளின் சிறுவர்களுக்குச் சூதாட்டம் கேடு செய்யாது போலும்!

இனி உடைமை பற்றிய கேள்வி. யூபிசொப்ட் என்ற பிரெஞ்சுக் கொம்பனி 2014இல் 'த குரூ' என்ற காரோட்ட விளையாட்டை வெளியிட்டது. தனியே ஒருவர் ஆடுவதாயினும் கொம்பனியின் சேர்வருடன் தொடர்பு வேண்டும். 2024 மார்ச் 31ஆந் திகதி அச்சேர்வர் நிறுத்தப்பட்டது. காசு கொடுத்து வாங்கியோர் கையிலிருந்த தட்டு அன்றுமுதல் வெறுந்தட்டு. வழக்கென்று வந்தபோது, நீங்கள் வாங்கியது விளையாட்டையன்று, அதை உபயோகிக்கும் அனுமதியையே என்பதுதான் கொம்பனியின் விடை. கலிபோர்னிய அரசு 2025 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்றால், அனுமதியை மட்டும் விற்கும் கடைகள் அதை வாங்குவோருக்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று விதித்தது. களவு நடைபெறலாம், ஆனால் முன்கூட்டி அறிவித்தல் ஒட்டப்படவேண்டும் என்பது இதன் பொருள். பதிப்பகம் மூடப்பட்ட மறுநாள் பதிப்பாளர் நம் வீட்டுக்கு வந்து புத்தக அலுமாரியைத் திறந்தால் நாம் பேசாதிருப்போமா?

தமிழ் பயின்ற நமக்கு இதில் இன்னொரு வேதனையுமுண்டு. சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடித்தேடி அச்சேற்றிய கதையைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே பகை செல்லும் காலமும். இங்கே உரிமையாளரே செல். அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுக்களுள் 87 வீதமானவை இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று நிதியம் 2023இல் ஆராய்ந்து கூறியது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்து காட்டுவதற்கேனும் இடந்தருமாறு கேட்டபோது முதலாளிகளின் சங்கம் எதிர்த்தது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. தானும் விற்கான், பிறர் காக்கவும் விடான்.

ஆக்குவோர் விழித்துக்கொண்டனர் என்பதே இச்செய்திகளுக்கிடையே நமக்கு நம்பிக்கை தருவது. 2004இல், எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரைத் திருமணஞ்செய்ய இருந்த பெண் பெயரிடாது எழுதிய ஒரு பகிரங்கக் கடிதமே, நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரமும் அதற்குமேலும் மேலதிகச் சம்பளமின்றி உழைப்பிக்கும் வழக்கத்தை உலகறியச் செய்தது. அன்று கடிதம் எழுதத்தான் முடிந்தது. 2023 ஜனவரியில் மைக்ரோசொப்டின் கீழுள்ள செனிமாக்சில் விளையாட்டுக்களைப் பரிசோதிக்கும் ஊழியர் முந்நூறு பேரளவில் தொழிற்சங்கம் அமைத்தனர். 2025இல் ஒப்பந்தமும் பெற்றனர். விளையாட்டுக்களுக்குக் குரலும் உடலசைவும் தரும் நடிகர்கள், தம் குரலைத் தம் சம்மதமின்றி இயந்திரம் படியெடுக்கலாகாது என்று கோரி 2024 யூலை முதல் ஏறத்தாழப் பதினொரு மாதம் வேலைநிறுத்தஞ் செய்து பாதுகாப்புப் பெற்றனர்.

இவ்வேலைநிறுத்தத்தின்போது விளையாடுவோர் சிலர் என்ன கேட்டனர்? 'எனது விளையாட்டுத் தாமதமாகுமா?' என்று கேட்டனர். 2025 இறுதியில் ரொக்ஸ்டார் கொம்பனி பிரித்தானியாவிலும் கனடாவிலும் முப்பதுக்கு மேற்பட்ட ஊழியரை நீக்கிற்று. அவர்கள் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவராதலாற் பழிவாங்கப்பட்டனர் என்றது சங்கம். இரகசியங்களை வெளியிட்டனர் என்றது கொம்பனி. அப்போதும் அதே கேள்வியே நம் காதில் விழுந்தது. ஆசிரியர் வேலைநிறுத்தத்தின்போது பரீட்சை பிந்துமா என்று மட்டும் கேட்கும் பெற்றோரை நாம் அறிவோம். அந்தக் குரலை நமக்கு அடையாளங்காண்பது கடினமன்று.

விளையாடுவோரும் ஒன்றுபட்டு எழக்கூடியவர்களே. 'த குரூ' மூடப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த இயக்கம், விற்ற விளையாட்டை மூடும்போது அதை ஆடத்தக்க நிலையில் விட்டுச்செல்வதைச் சட்டமாக்குமாறு ஐரோப்பிய ஒன்றியத்தைக் கோரியது. 2025 யூலைக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். இங்கே எவரும் ஒரு பெண் எழுத்தாளரைத் தேடி வசைபாடவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டிய இடத்திற் கேட்டனர். உடனே ஐரோப்பிய விளையாட்டு முதலாளிகளின் சங்கம், இவ்வாறு விதித்தால் விளையாட்டுக்களை ஆக்கும் செலவு தாங்கமுடியாததாகும் என்று அறிக்கைவிட்டது.

ஒன்றைமட்டும் அச்சங்கத்துக்கு நினைவூட்டுவோம். அமெரிக்காவிலுள்ள வெலன் என்ற சிறிய ஸ்டூடியோ 'நொக்கவுட் சிற்றி' என்ற விளையாட்டை 2021இல் வெளியிட்டது. அதுவும் சேர்வரை நம்பி நின்ற விளையாட்டே. போதிய வருவாயின்றி 2023 யூனில் அதை மூடநேர்ந்தபோது, ஆடுவோர் தாமே சேர்வர் நடத்திக்கொள்ளத்தக்க பதிப்பொன்றை அந்த ஸ்டூடியோ இலவசமாகக் கொடுத்துவிட்டே கதவைச் சாத்தியது.