மறுத்தது திமிரா?

ஆஸ்திரேலியப் பந்தாட்ட வீரர் ஆடம் குட்ஸ் என்பார், 2021-ஆம் ஆண்டில், அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்தில் தம் பெயரைப் பொறிக்க வேண்டாமென்று மறுத்துவிட்டார். தேர்வுக் குழுவினர் ஒருமனதாய்த் தேர்ந்தெடுத்த பின்னும் மறுத்தார். இதனைத் திமிர் என்பாருமுளர். நன்றிகெட்ட செயல் என்பாருமுளர். வலிய வந்த மாலையைத் தள்ளுவதும் ஒரு மரியாதையாகுமா என்று கேட்கின்றனர். ஆகும் என்பதே நம் துணிபு.

அன்பர்களே, முதலில் ஆளை அறிந்துகொள்வோம். அவர் ஆடியது நாம் அறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் செலுத்தி, பக்கத்துக்குப் பதினெண்மராய் ஆடும் ஆட்டம். 1980-இல் தென் ஆஸ்திரேலியாவில் வாலரூ என்னும் ஊரில் பிறந்த அவர், அட்னியமதானா, நருங்கா என்னும் பூர்வகுடிகளின் வழிவந்தவர். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து அரசாங்கமே பறித்துச் சென்ற கொடுமையில் அகப்பட்ட பிள்ளைகளுள் அவருடைய தாயாரும் ஒருவர். அத்தாய் வயிற்றுப் பிள்ளை, சிட்னி ஸ்வான்ஸ் கழகத்துக்காக 1999 முதல் 2015 வரை 372 பந்தயங்கள் ஆடினார். 2005-இலும் 2012-இலும் கோப்பை வென்ற அணியில் நின்றார்.

அத்தகையவரை 2015-ஆம் ஆண்டில், பந்து அவர் கைக்கு வந்தபோதெல்லாம், ஊர் ஊராய்க் கூட்டம் கூடிக் கூச்சலிட்டு இழிவு செய்தது. ஏனென்று கேட்டால், நிறத்துக்காக அன்று, அவர் நடுவரை ஏமாற்றிச் சலுகை பெறுகிறார், அதற்காகவே கூச்சலிட்டோம் என்றனர். நல்ல சமாதானம்! அந்நாட்டில் பிரௌன்லோ பதக்கம் என்று ஒன்றுண்டு. திறமையோடு நேர்மையும் உடைய வீரருக்கென்றே ஏற்பட்டது அது. பந்தயந்தோறும் நடுவர்களே வாக்களித்து அதற்குரியவரைத் தெரிந்தெடுக்கின்றனர். குற்றஞ்செய்து ஆட்டத்தினின்று விலக்கப்பட்டவனுக்கு அது கிட்டாது. 2003-இல் வேறிருவரோடு பகிர்ந்தும், 2006-இல் தனித்தும் அதனைப் பெற்றவர் குட்ஸ். ஏமாற்றப்பட்டதாகச் சொல்லப்படும் நடுவர்களே இருமுறை தலைசிறந்தவரென்று கைநீட்டிக் காட்டியவரை, வேலிக்கு வெளியே நின்றவர்கள் வஞ்சகரென்று கண்டுபிடித்துவிட்டார்களாம்!

கணக்கேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு: தேதியைப் பாராமல் எந்தக் கணக்கையும் ஒப்புவதில்லை. இங்கேயும் தேதியைப் பார்ப்போம். 2013 மே 24 இரவு, பூர்வகுடிகளைச் சிறப்பிப்பதற்கென்றே அமைந்த பந்தயத்தில், மெல்போர்ன் மைதானத்துப் பார்வையாளருள்ளிருந்து ஒரு குரல் அவரைக் குரங்கென்று ஏசிற்று. அவர் நின்றார்; குரல் வந்த திசையைச் சுட்டிக் காட்டினார். ஏசியது பதின்மூன்று வயதுச் சிறுமி. மறுநாளே, அக்குழந்தையைக் குறைகூறாதீர்கள், அவளுக்கு ஆதரவு தேவை என்றார் குட்ஸ். சில நாட்களுக்குள் எதிரணிக் கழகத்தின் தலைவரே, வானொலியில், ராட்சதக் குரங்கைப் பற்றிய இசைநாடகமொன்றோடு அவரை இணைத்து வேடிக்கை பேசிப் பின்னர் மன்னிப்புக் கேட்டார். குழந்தை அச்சொல்லை எங்கே கற்றதென்று இனி நாம் தேடவேண்டுமா?

2014-இல் அவர் அவ்வாண்டின் சிறந்த ஆஸ்திரேலியராக அறிவிக்கப்பட்டார். தம் மக்கள் பட்ட துன்பத்தை மூடிமறைக்காமல் பேசினார். 2015 மே 29-இல் கார்ல்டன் அணிக்கெதிராய்ப் பந்தடித்த மகிழ்ச்சியில், பூர்வகுடிச் சிறுவர் அணியினர் தமக்குக் கற்பித்த போர்நடனத்தை ஆடி, வெறுங்கையால் ஈட்டி எறிவதுபோல் காட்டினார். ஐயோ, பயமுறுத்திவிட்டார் என்று அலறினர்! நியூசிலாந்து ரக்பி வீரர்கள் எதிரியின் முகத்துக்கு நேரே நின்று ஹாக்கா ஆடினால் அது கண்கொள்ளாக் காட்சி. சொந்த நாட்டுப் பூர்வகுடியான் ஆடினால் அச்சுறுத்தல்!

வேறு பூர்வகுடி வீரர்களும் ஆடினார்களே, அவர்களை எதிர்த்துக் கூட்டம் கத்தவில்லையே என்பது இன்னொரு வாதம். இதனைச் சொல்வோர் தம்மையறியாமலே உண்மையைக் கக்கிவிடுகின்றனர். குட்ஸ் வாய் திறவாதிருந்த ஆண்டுகளில் அவரையும் அப்படிக் கத்தவில்லை. காலுக்குக் கைதட்டு, வாய்க்குப் பூட்டு என்பதே அக்கூட்டத்தார் செய்துவைத்திருந்த ஒப்பந்தம். 1993-இல் நிக்கி வின்மார் என்னும் வீரர், தம்மை இழித்த கூட்டத்தின்முன் சட்டையைத் தூக்கித் தம் கரிய தோலைச் சுட்டிக் காட்டினாரே, அன்றைக்கே அவ்வொப்பந்தம் கிழிந்திருக்க வேண்டும்.

பந்தாட்டச் சங்கத்தார் என்ன செய்தனர்? கூச்சல் வாரந்தோறும் வளர்ந்தபோது, அதனை இனவெறியென்று பெயரிட்டுச் சொல்லவே தயங்கினர். குட்ஸ் மனம் நொந்து ஒரு பந்தயத்தினின்று விலகி நின்றார்; மீண்டும் வந்தார்; செப்டம்பரில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெறும் வீரர்கள் இறுதிப் பந்தயத்தன்று மைதானத்தைச் சுற்றி வந்து விடைபெறுவது வழக்கம். அவர் வரவில்லை. 2019-இல் அவருடைய கதையைக் கூறும் திரைப்படங்கள் இரண்டு வெளிவந்த ஆண்டில், சங்கமும் பதினெட்டுக் கழகங்களும் ஒருசேர மன்னிப்புக் கோரின. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்பவனுக்கு, மன்னித்துத்தான் ஆகவேண்டுமென்று கட்டளையிடும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? மண்டபத்தில் பெயர் பொறித்தால் கணக்கு நேராகிவிடும், தங்கள் நெஞ்சும் ஆறிவிடும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அவர்கள் நெஞ்சை ஆற்றுவது குட்ஸின் வேலையன்று.

அவர் தமக்கென ஒரு வேலையை 2009-லேயே தெரிந்துகொண்டார். தம்மோடு ஆடிய மைக்கேல் ஓலாக்லினோடு சேர்ந்து அவர் நிறுவிய அறநிலையம், பூர்வகுடிப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை வழங்குகின்றது.