பிழைச்செய்தியைப் படிக்காமல் வன்தட்டை அழிக்கலாமா?



கணினி பற்றிய கட்டுரை என்றவுடன் "இது நமக்கு அன்று" என்று நகர்ந்துவிட வேண்டாம். இது கணினியைப் பற்றியது என்பதைவிட, பிழை ஒன்றைக் கண்டதும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பற்றியது எனலாம்.

எங்கள் பள்ளியின் கணினி அறையில் 12 பழைய கணினிகள் உள்ளன. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினோம். விண்டோஸ் 11 அந்தப் பழைய செயலிகளை ஏற்கவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடையும் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. புதிய கணினிகள் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பணமில்லை. லினக்ஸ் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். எனவே மாறினோம். குறையொன்றுமில்லாமல் நாள்கள் ஓடின.

அண்மையில் ஒருநாள் காலை, 5 கணினிகளில் ஒரே அறிவிப்பு: மென்பொருள் புதுப்பித்தல் தோல்வி. அவற்றுள் ஒன்றில் கோப்பைச் சேமிக்கக்கூட முடியவில்லை. பழுதுபார்க்க வந்த தம்பி ஒரு கணினியை மட்டும் திறந்து பார்த்தார். "ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சு போச்சு சார். அஞ்சையும் ஃபார்மேட் பண்ணிட்டா சரியாயிடும். ஒரு கணினிக்கு 80 ரிங்கிட்" என்றார்.

நான் தலையசைத்திருப்பேன். என்னைத் தடுத்தது பழைய நினைவு ஒன்று.

நான் செய்த தவறு

2008ஆம் ஆண்டு. அப்போது நான் தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் பணியாற்றினேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களைத் தோட்டத்து முதியவர்களிடம் அனுப்பி, அவர்களின் வாழ்க்கைக் கதையை ஒலிப்பதிவு செய்துவரச் சொன்னேன். 14 ஒலிக்கோப்புகள் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு உயிரோடு மீண்ட ஒரு தாத்தாவின் குரல். அவருடைய பேத்தியே பதிவு செய்திருந்தாள்.

அவ்வாண்டு இறுதியில் அந்தக் கணினி மெதுவானது. அடிக்கடி பிழை காட்டியது. என்ன பிழை என்று நான் படிக்கவில்லை. "முக்கியமானது ஒன்றும் இல்லைதானே?" என்று பழுதுபார்ப்பவர் கேட்டார். திறந்து பார்க்காமலேயே "இல்லை" என்றேன். அவர் மீது பிழையில்லை. அவர் கேட்டார், நான்தான் பார்க்கவில்லை.

மறு ஆண்டு அந்தத் தாத்தா காலமானார். துக்க வீட்டில் அந்தப் பேத்தி, "ஐயா, தாத்தா பேசுனது கணினியில இருக்குல்ல?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கு எழுத மனம் வரவில்லை.

எனவே இம்முறை, "இரண்டு நாள் பொறுங்கள் தம்பி, முதலில் படித்துப் பார்க்கிறேன்" என்றேன். கணினிக் கழகத்து மாணவர்கள் சிலரும் உடனிருந்தார்கள். லினக்ஸ் அறிந்த என் நண்பர் ஒருவர் தொலைபேசிவழி உதவினார்.

ஓர் அறிகுறி, ஐந்து காரணங்கள்

முதல் கணினியில், "கருவியில் இடம் மீதமில்லை" என்ற பொருள்படும் ஆங்கில வரி இருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "இடம் எங்கே ஐயா போச்சு?" என்று கேட்டாள். பழுதுபார்க்க வந்தவரும் நானும் கேட்கத் தவறிய கேள்வி அது.

முனையத்தில் 'டி', 'எஃப்' என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் 'எச்' எழுத்தும் சேர்த்தால், வன்தட்டின் ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது என்ற பட்டியல் வரும். பார்த்தோம். வன்தட்டில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது! கணினியைத் தொடக்கி வைக்கும் கோப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட 'பூட்' என்னும் சிறு பிரிவு மட்டும் நூறு விழுக்காடு நிறைந்திருந்தது. நிறுவும்போது வன்தட்டை மறைகுறியாக்கம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், உபுண்டு இப்படியொரு பிரிவைத் தனியே அமைக்கும். புதுப்பித்தலின்போது அவ்வப்போது கர்னலின் புதிய பதிப்பு ஒன்று அங்கே வந்து சேரும். பழையவை உரிய முறையில் நீங்காவிட்டால் பிரிவு நிரம்பிவிடும். வீடு காலி, வாசலில் மட்டும் நெரிசல். இனித் தேவைப்படாத தொகுப்புகளை நீக்கும் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' என்ற கட்டளையைக் கொடுத்தோம். பழைய கர்னல்கள் நீங்கின. அந்தப் பிரிவிலுள்ள கோப்புகளைக் கையால் அழிக்கக் கூடாது என்று நண்பர் எச்சரித்தார். பயன்பாட்டிலுள்ள கர்னலை அழித்துவிட்டால் கணினி தொடங்காமலே போய்விடும்.

இரண்டாம் கணினியில்தான் வன்தட்டு உண்மையாகவே நிறைந்திருந்தது. மாணவர்கள் காணொலி தயாரிப்பில் பயன்படுத்திய கணினி அது. "தேவையில்லாததை எல்லாம் அழிச்சிட்டோம் ஐயா" என்றார்கள். அழித்தவை குப்பைத்தொட்டியில் அப்படியே இருந்தன. கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போவதால் இடம் மிச்சமாகாது. தொட்டியைக் காலி செய்தால்தான் ஆகும். ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதை மீட்டு, மற்றதை நீக்கினோம். புதுப்பித்தலுக்காகப் பதிவிறக்கப்பட்டு நிறுவிய பின்னும் தங்கியிருந்த தொகுப்புகளை 'ஆப்ட் கிளீன்' என்ற கட்டளையால் அகற்றினோம். மீண்டும் இடம் கிடைத்தது.

மூன்றாம் கணினியில் வன்தட்டு நிறையவே இல்லை. "இக்கோப்பு இன்னும் செல்லத்தக்கதாகவில்லை" என்ற பொருளில் ஒரு விசித்திரமான செய்தி. திரையின் மேலே பார்த்த மாணவன் சிரித்துவிட்டான். கணினியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தது. தாய்ப்பலகையில் காசளவில் இருக்கும் மின்கலம் செயலிழந்துவிட்டதால், மின்சாரத்தைத் துண்டிக்கும் போதெல்லாம் கணினி தேதியை மறந்துவிடுகிறது. இணையத்தின்வழி நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதியும் அந்தக் கணினியில் வேலை செய்யவில்லை. கணினியின் கணக்கில், இணையத்திலிருந்து வரும் கோப்பு எதிர்காலத்தைச் சேர்ந்தது. ஆகவே நம்ப மறுக்கிறது. சில ரிங்கிட் விலையுள்ள மின்கலத்தை மாற்றித் தேதியைச் சரிசெய்தோம். முடிந்தது.

நான்காம் கணினி, முன்பு நிறுவல் பாதியில் தடைபட்டது என்று சொன்னது. எந்தக் கட்டளையைக் கொடுத்தால் அது தொடரும் என்பதையும் அதே வரியில் சொன்னது. நோயையும் சொல்லி, மருந்துச் சீட்டையும் கையில் கொடுக்கும் மருத்துவர்போல! அதை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தோம். காரணத்தைத் தேடியபோது வெட்கமாக இருந்தது. பள்ளி முடிந்ததும் கணினிகளை முறையாக நிறுத்தாமல், அறையின் முதன்மை மின்விசையை அணைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். புதுப்பித்தல் நடந்துகொண்டிருந்த வேளையில் யாரோ அணைத்திருக்கிறோம். அந்த "யாரோ" நானாகவும் இருக்கலாம்.

ஐந்தாம் கணினியில் மட்டும் வேறொரு பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. மற்ற கணினிகளில் இருந்தது 22.04 என்னும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு 2027 வரை ஐந்தாண்டு ஆதரவு உண்டு. இதிலோ 2023 அக்டோபரில் வெளிவந்த 23.10. இத்தகைய இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பது மாத ஆதரவு மட்டுமே. 2024 ஜூலையில் அதன் காலம் முடிந்தது. ஆதரவு முடிந்த பதிப்பின் தொகுப்புகளைச் சில காலத்தில் பழைய பதிப்புகளுக்கான வேறு வழங்கிக்கு மாற்றிவிடுவார்கள். நம் கணினி பழைய முகவரியில் தேடி, "காணவில்லை" என்று திரும்பும். இதற்கு மட்டும் எல்லாக் கோப்புகளையும் வெளிவட்டில் நகலெடுத்து, திறந்து சரிபார்த்து, பிறகு வன்தட்டை அழித்து, 2029 வரை ஆதரவுள்ள 24.04 பதிப்பை நிறுவினோம்.

ஆக, ஐந்தில் ஒன்றுக்குத்தான் 'ஃபார்மேட்' சரியான மருந்து. ஐந்தையும் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மின்கலம் செத்த கணினி மறுவாரமே அதே பிழையைக் காட்டியிருக்கும். மின்விசையை அணைக்கும் வழக்கம் அப்படியே தொடர்ந்திருக்கும். 400 ரிங்கிட்டும், மாணவர்களின் காணொலிகளும் போயிருக்கும்.

சிவப்பு மையும் பிழைச்செய்தியும்

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்று திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கூறியிருப்பதை மாணவர்களுக்கு மனனம் செய்விக்கிறோம். ஆனால், கணினித் திரையில் நான்கு வரி ஆங்கிலம் தோன்றினால் படிக்காமலேயே மூடிவிடுகிறோம். ஏன்? பிழைச்செய்தி நம்மைத் திட்டுவதாக நினைக்கிறோம். சிறுவயதில் நம் பயிற்சிப் புத்தகங்களில் விழுந்த சிவப்புக் கோடுகளின் அச்சம் அது என்றே கருதுகிறேன். பிழை என்றால் மறைக்க வேண்டியது, அழிக்க வேண்டியது என்று பழகிவிட்டோம்.

அதே பழக்கத்தைத்தான் மாணவர்களுக்கும் கொடுக்கிறோம். ஒரு மாணவன் 'ல', 'ள', 'ழ' மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறான். கோடு போட்டு, "பத்து முறை எழுது" என்கிறோம். அவனுக்கு ஒலி வேறுபாடு காதில் விழவில்லையா, கரும்பலகை தெரியவில்லையா, வீட்டில் தமிழே பேசுவதில்லையா? கேட்பதில்லை. ஐந்து மாணவர்களின் ஒரே பிழைக்கு ஐந்து காரணங்கள் இருக்கலாம். பத்து முறை எழுதச் சொல்வது நம் வகுப்பறையின் 'ஃபார்மேட்'. கணினியோ நம்மைவிட நல்ல ஆசிரியர். எந்த இடத்தில், என்ன காரணத்தால் தடைபட்டது என்பதைக் குரல் உயர்த்தாமல் சொல்கிறது.

"ஆசிரியருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை, கணினி பழுதுபார்ப்பதும் எங்கள் தலையிலா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்களுக்கும் இரண்டு பிற்பகல்கள் செலவாயின. ஆசிரியர்கள் எல்லாரும் பழுதுபார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படிக்கச் சொல்கிறேன், காரணத்தைக் கேட்கச் சொல்கிறேன். பழுதுபார்க்க வரும் தம்பிகளும் நம் எதிரிகள் அல்லர். கணினிக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, விரைவாக முடிக்கச் சொல்வது நாம்தானே? காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், அதற்கும் கூலி தருகிறோம் என்று யாராவது சொல்லியிருக்கிறோமா?

என் பரிந்துரைகள்

1. ஒவ்வொரு கணினியின் அருகிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். பிழைச்செய்தி வந்தால், மூடுவதற்கு முன் மாணவர்கள் அதை அப்படியே எழுதி, கீழே தமிழில் பொருள் எழுதட்டும். நல்ல மொழிப்பயிற்சியும்கூட.

2. மாதம் ஒருமுறை வன்தட்டின் இட அளவைப் பார்க்கும் பொறுப்பை மாணவர் ஒருவரிடம் கொடுங்கள். நிறைந்த பின் தவிப்பதைவிட இது எளிது.

3. "வேறொரு செயலி பூட்டு வைத்துள்ளது" என்ற செய்தி வந்தால் காத்திருங்கள். பெரும்பாலும் பின்னணியில் ஒரு புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கும். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் இணைய அறிவுரைகளை உடனே நம்ப வேண்டா. பொருள் தெரியாத கட்டளை எதையும் ஒட்டிச் செயல்படுத்தவும் வேண்டா.

4. காப்புநகல் எடுத்து, அதைத் திறந்து பார்த்த பிறகன்றி எந்த வன்தட்டையும் அழிக்க ஒப்புதல் தராதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் முதலில் ஒரு வெளிவட்டு வாங்கித் தரட்டும்.

பெற்றோர்களே, விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டதால் உங்கள் வீட்டுக் கணினியிலும் லினக்ஸ் நிறுவ எண்ணியிருப்பீர்கள். நல்லது. பிழை காட்டினால் பிள்ளையைத் திட்டாதீர்கள், "என்னத்த அமுக்குன?" என்று கேட்காதீர்கள். "என்ன எழுதியிருக்கு, படி" என்று சொல்லுங்கள்.

எங்கள் கணினி அறையில் இப்போது 12 குறிப்பேடுகள் தொங்குகின்றன. முதல் கணினியின் குறிப்பேட்டில், "இடம் எங்கே போனது?" என்று அந்த மாணவி எழுதியிருக்கிறாள், அதன்கீழ் விடையும் எழுதியிருக்கிறாள். சென்ற வாரத்திலிருந்து, கணினிக் கழக மாணவர்கள் மீண்டும் தங்கள் தாத்தா பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். இம்முறை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று நகல்கள் எடுக்கிறோம். ஒன்று கணினியில், ஒன்று வெளிவட்டில், ஒன்று அந்தந்த வீட்டில்.