எதை அமல்படுத்துவார் அதிகாரி?

2023 ஜூலையில் திருவனந்தபுரத்து ஆரியசாலையில் ஒரு ரசாயனக் கடை தீப்பிடித்து எரிந்தது. அதற்கு ஒன்றரை மாதம் முன்புதான் தும்பாவில் அரசு மருந்துக் கிடங்கு எரிந்து, தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்திருந்தார். இரண்டிலும் பிளீச்சிங் பவுடர் மேல் சந்தேகம் விழுந்தது. சட்டம் இருக்கிறது, அதிகாரிகள் ஒழுங்காக வந்து பார்த்தாலே போதும் என்று ஜனங்கள் சொன்னார்கள். நியாயமான பேச்சு.

படித்தவர்கள் இதே பேச்சை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறார்கள். நம்மைப் போன்ற நாட்டுக்கு வேண்டியது அமலாக்கம்; தொழில்சார் நலத்திலும் சுற்றுச்சூழல் நலத்திலும் ஆராய்ச்சியாளர்களை உருவாக்குவது வசதியுள்ள நாடுகளின் வேலை; எது கெடுதல், எவ்வளவு கெடுதல் என்று அவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறார்கள்.

தீ விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். பிளீச்சிங் பவுடரை எப்படி அடுக்குவது என்று அறிய முனைவர் பட்டம் தேவையில்லை. ஆனால் அருகிலுள்ள சாலைக் கம்போளத்தில் மிளகாய் வற்றல் லோடு இறங்கும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். சுமட்டுத் தொழிலாளியின் துவர்த்து தலையில் சும்மாடாகிவிடுகிறது. மூக்கை மூட இன்னொன்று இருக்காது. மூட்டைத் தையல் வழியே சிவப்புப் பொடி பிடரியில் இறங்குகிறது. இங்கே வரும் அதிகாரி எதை அமல்படுத்துவார்? 1948 தொழிற்சாலைச் சட்டம் தந்த அளவுப் பட்டியலில் சிலிக்கா உண்டு, பருத்தித் தூசு உண்டு, ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. மிளகாய்த் தூசு இல்லை. போதாக்குறைக்கு, கடைத்தெரு தொழிற்சாலையும் அல்ல. அமல்படுத்த ஓர் எண் வேண்டும். அந்த எண்ணை யாராவது அளந்து சொல்ல வேண்டும்.

எண்கள்தான் வெளியே இருக்கின்றனவே என்பார்கள். இருப்பவை எப்படிப்பட்டவை? காற்றிலுள்ள நுண்துகளால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று உலகளவில் கணக்கிட்டவர்களிடம் 2010 வாக்கில் இருந்த நீண்டகால ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் நடந்தவை. அங்கே காற்று ஓரளவு சுத்தம். தில்லியின் காற்றுக்கும் விறகடுப்புப் புகைக்கும் அந்த ஆய்வுகள் தந்த ஆபத்து வரைகோடு எட்டவில்லை. ஆகவே கோட்டின் மேற்பகுதியைச் சிகரெட் பிடிப்பவர்களின் தரவைக் கொண்டு நிரப்பினார்கள். கணக்கிட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, வேறு வழியில்லை. நம் அடுப்படியின் ஆபத்தை, வாழ்நாளில் பீடி தொட்டறியாத பெண்களின் ஆபத்தை, சிகரெட்டை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது என்பதே, எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது என்பவர்களுக்குப் பதில்.

எடையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமட்டுத் தொழிலாளி தூக்கும் உச்ச வரம்பை 75 கிலோவிலிருந்து 55 ஆகக் குறைக்கக் கேரள சட்டமன்றம் 2021-இல் திருத்தம் கொண்டுவந்தது. நல்ல காரியம். 55 என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்த அளவு. தலையிலா முதுகிலா, ஒரு நாளைக்கு எத்தனை நடை, மீனமாதப் புழுக்கத்தில் எப்படி என்பதையெல்லாம் அந்த ஒற்றை எண் சொல்லாது.

அடுத்த வாதம், டாக்டர்கள் இருக்கிறார்களே என்பது. ஆலை மருத்துவர்களுக்கென்று மூன்று மாதப் பயிற்சி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வந்த நோயாளியைப் பார்க்க அது உதவும். ஒரு ஊரே ஏன் நோயாளியாகிறது என்று கேட்பது வேறு வித்தை. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் பூச்சிக்கொல்லி தெளித்தார்கள். ஏதோ சரியில்லை என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் உள்ளூர் மருத்துவர், இன்னொருவர் ஒரு விவசாயப் பத்திரிகையாளர். அகமதாபாத்தின் தேசியத் தொழில்நல நிறுவனம் வந்து ஆராய்ந்தது 2001-இல். அது தொடர்பு இருக்கிறது என்றது. பின்னால் வந்த சில அரசுக் குழுக்கள் இல்லை என்றன. தெளிப்புக்கு முன் அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்ற அளவீடு எவரிடமும் இல்லாததால் சண்டை நீண்டது. உச்ச நீதிமன்றத் தடை 2011-இல்தான் வந்தது. அந்த மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நாலு பேர் முன்பே இருந்திருந்தால் பத்து வருடமாவது மிஞ்சியிருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, கெட்டிக்காரர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்கலாமே? போனவர்களில் பலர் திரும்புவதில்லை, அதை விடுங்கள். திரும்பியவர் என்ன செய்ய முடியும் என்பதைச் சென்னையில் பார்க்கலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பட்டம் பெற்றுத் திரும்பிய கல்பனா பாலகிருஷ்ணன், பெர்க்லியின் கிர்க் ஸ்மித்தோடு சேர்ந்து ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தில் அமெரிக்க ஃபோகார்ட்டி நிதியில் பயிற்சி நடத்தினார். ஆய்வுக்கூடம் இங்கே, களம் இங்கே, கேள்வியும் இங்கேயே பிறந்தது. அதே நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழு 2017-இல் தொடங்கித் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் ஏறக்குறைய இருமடங்கு என்று 2024-இல் வெளியிட்டது. பாஸ்டனில் உட்கார்ந்திருப்பவருக்குச் செங்கல் சூளைக் கர்ப்பிணி நினைவுக்கு வருவது கடினம்.

அந்த நிதி அந்நியப் பணம்தானே என்று கேட்டால், ஆமாம், பலவீனம் அங்கேதான். 2025 மே மாதம் அமெரிக்கத் தேசிய நல நிறுவனங்கள் வெளிநாட்டுத் துணை மானியங்களை நிறுத்துவதாக அறிவித்தன. இதிலிருந்து பயிற்சியே வேண்டாம் என்று முடிவுகட்டுவது விசித்திரம். நம் கஜானாவிலிருந்து கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மிச்சமிருக்கும் ஒரு வாதம் வலுவானது: படித்து முடித்தவருக்கு வேலை எங்கே? திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீ சித்திரா நிறுவனத்தின் அச்சுத மேனோன் மையம் 1997 முதல் பொது சுகாதாரத்தில் முதுகலை கற்றுத் தருகிறது. ஆரியசாலைக்கு அது தூரமே இல்லை. படித்தவர்களைத் தொழிலாளர் துறையும் சுமட்டுத் தொழிலாளர் நலவாரியமும் நிரந்தரப் பணியிடம் போட்டு எடுத்துக்கொள்ளலாம். முதல் வருட வேலையாக, மிளகாய் இறக்குபவர்களின் மூச்சுத்திறனைக் காலையிலும் வேலை முடிந்த பிறகும் அளந்து பதிவு செய்யட்டும். அதற்கு வேண்டிய ஸ்பைரோமீட்டர் கைப்பையில் அடங்கும்.