பழையதை எப்பொழுது நிறுத்துவது?

"நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஏன் ஓட மறுக்கிறது?" அறிவியல் மாணவர் விடுதிகளில் இந்நாளில் அடிக்கடி எழும் கேள்வி இது. விடையும் உடனே கிடைத்துவிடுகிறது: "புதிய பைத்தான் போட்டுவிட்டார்கள்!" போட்டது குற்றமா? அன்று. புதுமை வரத்தான் வேண்டும். பழையது இதுகாறும் எந்தெந்தப் பாரத்தைச் சுமந்து நின்றது என்று கணக்கெடுத்த பின்னரா அது வந்தது என்பதே என் கேள்வி.

இலக்கிய மாணவ நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், செய்தி எளிது. நாம் எழுதும் எந்த நிரலும் தனித்து நிற்பதன்று. பிறர் எழுதிய நிரற்பொதிகளை, அதாவது 'பேக்கேஜ்'களைச் சார்ந்தே அது நிற்கும். கணக்குப் போட 'நம்பை' என்றொரு பொதி உண்டு. (பெயருக்கேற்ப உலகமே அதை நம்பித்தான் இருக்கிறது!) சி, போர்ட்ரான் மொழிகளில் எழுதப்பட்ட பகுதிகளைக் கணிப்பொறி இயக்கத்தக்க வடிவமாக மாற்றுவதைக் கட்டுதல் என்கிறோம். அதற்குப் பைத்தானோடு 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்னும் கருவி நெடுங்காலம் கூடவே வந்தது. 'செட்டப்' என்ற கோப்பை ஓட்டினால் போதும், வேலை முடியும்.

ஆனால் அதில் ஒரு வேடிக்கை. இப்பொதிக்கு என்னென்ன வேண்டும் என்பதை அறிய அக்கோப்பை ஓட்ட வேண்டும்; அதை ஓட்டவோ, அவையெல்லாம் முன்னரே இருக்க வேண்டும்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். 2016-ல் இதற்கு வழி கண்டனர்: கட்டுவதற்கு வேண்டியவற்றைத் தனிக் கோப்பில் வெறும் பட்டியலாக எழுதிவிடுவது, எதையும் ஓட்டாமலே அதைப் படித்துக்கொள்வது. பழைய கருவிக்கு 2021-ல் ஓய்வு அறிவிப்புக் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-ல் அது அறவே நீக்கப்பட்டது.

எங்கள் கோலார்த் தங்கவயலின் கதை ஒன்றைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் எம் முன்னோர் பிழைக்க வந்த அச்சுரங்கங்களுக்கு 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு! அது நொடிக்கு 25 சுற்று மின்சாரம். இன்று நாடெங்கும் ஓடுவது 50 சுற்று. இரண்டுக்கும் பெயர் மின்சாரந்தான். ஆயினும் 25 சுற்றில் நிமிடத்திற்கு 750 முறை சுழல முற்படும் நான்முனை மோட்டார், 50 சுற்றில் 1500 முறை சுழல முற்படும். நீரிறைக்கும் பம்பின் வேகம் இரட்டித்தால் அது கேட்கும் ஆற்றலோ எண்மடங்கு! "மின்சாரம் வேண்டும்" என்று மட்டும் எழுதி வைத்தவன் என்ன ஆவான்? பொதியின் பெயரை எழுதிப் பதிப்பெண்ணை எழுதாதவன் நிலையும் அதுவே. 2024 ஜூனில் நம்பையின் 2-ஆம் பதிப்பு வந்தபொழுது, 1-ஆம் பதிப்பை வைத்துக் கட்டிய பொதிகள் பல அதனோடு இயங்க மறுத்தன. 2-ஐ வைத்துக் கட்டியவை இரண்டோடும் இயங்கும். கட்டும்போது ஒரு பதிப்பு, ஓட்டும்போது ஒரு பதிப்பு என இரு கணக்கு உண்டென்று அறியாதார் அன்று திண்டாடினர்.

பெயர்ந்து செல்லும் முறையைச் 'சைப்பை'யிடம் கற்கலாம். அறிவியற் கணக்குகளுக்கான பெரும்பொதி அது, போர்ட்ரான் நிறைந்திருந்தது. 2022 ஜூலையில் அதன் 1.9 பதிப்பு 'மேசான்' என்னும் புதிய கட்டுமுறைக்கு மாறியது. பழைய செட்டப் கோப்பை அன்றே எறிந்தார்களா? இல்லை. சிறிது காலம் இரண்டும் அருகருகே இருந்தன. நம்பையும் 2023 செப்டம்பரில் மேசானுக்கு வந்தது; அடுத்த திங்களே பைத்தான் 3.12 வெளியாயிற்று. கெடு தெரிந்திருந்தது, கெடுவுக்குமுன் பாலம் தயாராயிருந்தது.

நம் ஆய்வுக்கூடங்களில் நடப்பதென்ன? மூத்த மாணவர் ஒருவர் எழுதிய நிரல் இருக்கும். அவர் பட்டம் பெற்றுப் போயிருப்பார். எதைச் சார்ந்தது என்ற குறிப்பு இராது. ஒரு விடுமுறையில் கணிப்பொறி புதுப்பிக்கப்படும், பழைய பைத்தான் துடைக்கப்படும். பிறகு இளையவர் மூன்று மாதம் துப்பறிவார். இது ஆராய்ச்சியா, தொல்பொருள் ஆய்வா?

"பழைய சூழலை அப்படியே கொள்கலமாகப் பூட்டி வைத்தால் போதாதா?" என்பர். ஓட்டிப் பார்க்கப் போதும். திருத்தவும் வளர்க்கவும் போதாது. பழையதையே கட்டிக்கொண்டு அழுவோரும் எனக்கு உடன்பாடில்லை. பைத்தான் 2-க்கு ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு முடிந்தது. அதன் பின்னும் அதிலேயே இருப்பது பிடிவாதம். நான் கேட்பது ஒன்றே. பிறிதொன்றையும் சாராத பொதிகளை முதலில் பெயர்த்து, பின்னர் அவற்றைச் சார்ந்தவற்றுக்கு வருக. பழைய கட்டு கொடுத்த விடையைப் புதிய கட்டும், ஏற்கத்தக்க பிழை எல்லைக்குள், கொடுக்கட்டும். அன்று பழையதை நிறுத்துக, அதற்குமுன் வேண்டா.

ஒருநாளில் நிறுத்துவது என்னவென்று தங்கவயலுக்குத் தெரியும். வேலை, வீடு, தண்ணீர், விளக்கு, மருத்துவம் அனைத்தும் ஒரே சுரங்கத்தைச் சார்ந்திருந்த ஊர் அது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபோது, அவை பெயர்ந்து செல்ல வேறோர் அமைப்புக் கட்டப்பட்டிருக்கவில்லை. அதன்பின் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போவதே ஊரின் வாழ்வாயிற்று.

அச்சுரங்கத்தில்தான், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோக்களின் தடம் 1965-ல் பதிவாயிற்று. டாட்டா ஆராய்ச்சிக் கழகமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்தது. நீரிறைப்பு நின்றபின் சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பிவிட்டது. அங்கே இறங்கி இனி எவரும் மறுபடி அளக்க இயலாது. எழுதி வைத்த எண்களே மிச்சம். நாம் இன்று அளப்பவற்றிலும் மறுபடி அளக்க இயலாதவை எத்தனையோ! அவற்றைப் படிக்கும் நிரல் பத்தாண்டு கழித்துக் கட்டவே இயலாது போனால்?

ஆதலின், இவ்வாண்டு ஆய்வேடு கொடுப்போர் கட்டுவதற்கு வேண்டியவை ஒரு பட்டியலாகவும் ஓட்டுவதற்கு வேண்டியவை ஒரு பட்டியலாகவும், பதிப்பெண்களுடன் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும். மேற்பார்வையாளர் கேட்காவிட்டாலும் சேர்க்கலாம். இரண்டு பக்கத்திற்குமேல் வராது.