முறைத் தண்ணியும் மூணு மணி நேரப் பரீட்சையும்

எம் பொண்ணு சி.ஏ. படிக்குது. போன தடவை ஒரு பேப்பர்ல 36 மார்க். 40 வேணும். படிக்காம இல்லீங்க. ஒரு கணக்கு டேலி ஆகலைன்னு முக்கால் மணி நேரம் அதோடயே மல்லுக்கட்டியிருக்கு. நல்லாத் தெரிஞ்ச கடைசிக் கேள்வியைத் தொட நேரமில்லை. வந்து ஒரே அழுகை.

நான் பத்தாவதுதான். பேலன்ஸ் ஷீட் தெரியாது, முறைத் தண்ணி தெரியும். வாய்க்கால்ல நம்ம முறை மூணு மணி நேரம்தான். மேல் வயல் வரப்புல எலி வளை இருந்து தண்ணி நிக்கலைன்னா, அங்கயே நின்னா கடை வயல் காஞ்சுரும். மடையை மாத்திட்டுப் போயிரணும். நேரம் மிச்சமிருந்தா திரும்பி வரலாம்.

பரீட்சையும் அப்படித்தான். 100 மார்க்குக்கு 180 நிமிஷம். 10 மார்க் கணக்குக்கு 18 நிமிஷம்தான். முடியலையா, இடம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. போட்ட வரைக்கும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. எழுதாத கேள்விக்கு என்ன கிடைக்கும்? ஆரம்பத்துல கேள்வித்தாள் படிக்க 15 நிமிஷம் தர்றாங்க. தண்ணி வர்றதுக்கு முன்னாடி வாய்க்காலை நடந்து பார்க்கிற நேரம் அது.

பிள்ளைங்களை 'படி படி'ங்கிறோம். 'விட்டுட்டுப் போ'ன்னு நாம சொல்லித் தர்றதே இல்லை. இப்ப எம் பொண்ணு கடிகாரத்தை முன்னாடி வச்சுத்தான் எழுதிப் பழகுது.