கடல் கடந்த மூதாட்டியின் பிறந்தகம் எது?

குடும்ப வரலாற்றைக் கூறுக என்றால், நம்முள் பெரும்பாலோர் தந்தை, பாட்டனார், பூட்டனார் என ஆடவர் பெயர்களைத் தயங்காது அடுக்கிவிடுவர். பாட்டனாரைப் பெற்றெடுத்த தாயாரின் பெயர் யாது, அவர் எவ்வூரில் பிறந்தவர் என்று வினவினால் விடை அரிதாகவே கிடைக்கும். உள்ளூரில் வாழ்ந்து மறைந்த பெண்ணின் நிலையே இதுவாயின், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கடல் கடந்து சென்று, அயல்மண்ணில் முதல் தலைமுறையாக வேரூன்றிய பெண்ணின் வரலாற்றை எங்ஙனம் மீட்பது? அப்பணியின் சரிபாதி நம் ஊர்களில்தான் நிகழ வேண்டும் என்பது என் கருத்து.

1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் டர்பன் நகரை அடைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் முதல் கப்பல் அது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு சென்றனர். ஒவ்வொருவருக்கும் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியன பதிவேட்டில் ஏறின. வேலை வாங்கவும் கண்காணிக்கவும் எழுதப்பெற்ற அவ்வேடுகளே இன்று கொள்ளுப்பேரர்களுக்குக் கிடைத்துள்ள சான்றுகள். ஆயின், தாயின் பெயருக்கு அவற்றில் இடமில்லை.

கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எழுத்தாளர் கயூத்ரா பகதூர், தம் கொள்ளுப்பாட்டியார் சுஜாரியாவின் வரலாற்றைத் தேடிச் சென்று, 2013இல் அதனை நூலாக வெளியிட்டார். 1903இல் கல்கத்தாவில் கப்பலேறியபோது சுஜாரியா கணவர் துணையின்றி இருந்தார், கருவுற்றும் இருந்தார். அவருடைய குழந்தை கடற்பயணத்திலேயே பிறந்தது. அவர் ஏன் வீட்டை நீங்கினார் என்பதற்கு மட்டும் ஏடுகளில் விடையில்லை. பதிவேடு பெண்ணின் உடலடையாளத்தைக் குறித்தது. அவள் உள்ளத்தைக் குறிக்கவில்லை.

நம் வட்டாரத்தார் மிகுதியாகச் சென்ற இலங்கைத் தோட்டங்களிலோ, நேட்டாலைப் போன்ற தனித்தனி ஒப்பந்த முறையும் இல்லை. கங்காணியின் கூட்டத்தில் ஒருத்தியாகப் பெண் நடந்தாள். அவன் கணக்கில் ஒரு தலையாக எண்ணப்பட்டாள். இதன் விளைவு பின்னாளில் தெரிந்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தமைக்கோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தமைக்கோ சான்று கேட்டது. மலையகத்திலேயே பிறந்து, தேயிலை பறித்து, அம்மண்ணிலேயே அடங்கிய தாயின் பிறப்பு அச்சட்டத்தின் முன் பொதுவாகச் சான்றாகவில்லை. நாடற்றவராக நின்ற இலட்சக்கணக்கானோருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964இல் ஒப்பந்தமாயிற்று. குடிவழி அறிவது வெறும் பொழுதுபோக்கன்று. ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமையே அதனைப் பற்றி நின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஊர்ப்பெயர் ஏட்டில் இருப்பினும் தேடுவோர் இடர்ப்படுவர். நம் குன்றாண்டார்கோவிலையே எடுத்துக்கொள்வோம். மக்கள் வழக்கில் அது குன்னாண்டார்கோவில். 1948 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்ந்து, 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. அயலான் செவியில் விழுந்தவாறு எழுதிய ஊர்ப்பெயரைக் கண்டு, இஃது எவ்வூர் என்று தெளிய வல்லவர் இம்மண்ணில் வாழ்வோரே அன்றி வேறு யார்?

நம்மிடம் ஏடுகளும் இல்லாமல் இல்லை. நம் மாவட்டத்தில் பல வீடுகளில் மொய்நோட்டுகள் தலைமுறை கடந்தும் பேணப்படுகின்றன. அவற்றில் தாய்மாமன் சீர் எழுதப்பட்ட வரியைக் காண்க. சீர் கொண்டுவந்தவரின் பெயரும் ஊரும் அங்கிருப்பின், அதுவே அவ்வீட்டுத் தாயின் பிறந்தகம். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் மணமகள் பெயரும், அவர்தம் தந்தை பெயரும், மஹர்த் தொகையும் உள்ளன. கீரனூர்க்காரி, அன்னவாசல்காரி என்று பிறந்த ஊராலேயே மருமகளை அழைக்கும் வழக்கமும் ஒரு வாய்மொழி ஆவணமே.

பழையன கிளறினால் வறுமையும் வீட்டுப் பூசலும் வெளிப்படுமே என்று பெரியோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் மதிக்கத்தக்கது. எழுதியவை அனைத்தையும் ஊரறியச் செய்ய வேண்டுவதில்லை; குடும்பத்தாரின் இசைவின்றி எதையும் வெளியிடவும் கூடாது. ஆயினும், பஞ்சத்திற்கும் கடனுக்கும் நடுவே தன் குழந்தைகளைக் காக்கக் கடல் கடந்தவள் குடும்பத்திற்கு இழுக்கல்லள். அவளை மறைப்பதே நமக்கு இழுக்கு.

எனவே, மாணவச் செல்வங்கள் இவ்விடுமுறையில் தத்தம் இல்லத்து முதியோரிடம் அமர்ந்து, மூன்று தலைமுறைப் பெண்டிரின் பெயர், பிறந்த ஊர், உடன்பிறந்தார் பெயர், புகுந்த ஊர், கடல் கடந்திருப்பின் சென்ற நாடு ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். தமிழாசிரியர்கள் அதனை ஒரு பயிற்சியாகவே அமைக்கலாம். அயல்நாட்டில் தன் மூதாட்டியின் எண்ணையும் ஊரையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தேடி வரும் நாளில், 'ஆம், இவள் எங்கள் வீட்டுப் பெண்' என்று சொல்ல இங்கு ஓர் ஏடு இருத்தல் வேண்டும். சொல்லத் தெரிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அதனை எழுதிவிடுவோமாக.