வாளி நிறையுமுன் பந்திக்கு

கலியாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகச் செல்கிறவரைப் பார்க்கும் நமக்கு, அடுக்களையில் இருப்பவர் நிரப்பி முடித்த பிறகே அந்த வாளி வெளியே வருகிறது என்பதும், அது காலியாகித் திரும்பும் வரை அவர் அதில் மறுபடி கை வைப்பதில்லை என்பதும் சொல்லித் தெரியவேண்டிய விஷயங்களாகத் தோன்றுவதில்லை. கம்ப்யூட்டர் திரையில் காட்சி தோன்றுவதும் இத்தகைய காரியந்தான். கிராபிக்ஸ் கார்டு நினைவகத்தின் ஒரு பகுதியில் சித்திரத்தைத் தீட்டுகிறது. பல ஜன்னல்களின் சித்திரங்களை ஒன்றாகச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் கம்பாசிட்டர் என்னும் வேறொரு புரோகிராம் அதை எடுத்துச் செல்கிறது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் சாதாரணத் திரையில் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒவ்வொரு முறையும் சுமார் 16.7 மில்லி விநாடிதான். அதற்குள் அவசரப்பட்டு, தீட்டி முடியுமுன் எடுத்துவிட்டால், அரைகுறைச் சித்திரமோ, அதே இடத்தில் முன்பு கிடந்த பழைய சித்திரமோ திரையில் வந்து நிற்கும்.

லினக்ஸில் திரைக் காட்சியைக் கையாளும் புதிய வேலண்ட் முறைக்கு மாறிய என்விடியா கார்டுக்காரர்கள் பல ஆண்டுகள் பட்ட அவஸ்தை இதுவே. தட்டிய எழுத்து திரையில் தோன்றி, உடனே மறைந்து, க்ஷணநேரம் கழித்துத் திரும்பி வரும். விளையாட்டில் முன்னோக்கி ஓடிய காட்சி சட்டென்று பின்னுக்குத் துள்ளும். பழைய எக்ஸ்11 முறைக்காக எழுதப்பட்ட புரோகிராம்களை வேலண்டுக்குள் இயங்கவைக்கும் எக்ஸ்வேலண்டின் வழியாக வருகிறவற்றில் இந்தத் தொல்லை மிக அதிகமாக இருந்தது.

இன்டெல், ஏஎம்டி ஆகியவற்றின் கார்டுகளை இயக்கும், மூலநிரல் திறந்த டிரைவர்கள் நெடுங்காலமாக ஒரு மௌன வழக்கத்தைக் கையாண்டு வந்தன. சித்திரம் இன்னும் முடியவில்லை என்ற அடையாளத்தை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே அந்த நினைவகத்தோடு சேர்த்துக் கட்டிவிடும்; எடுக்க வருகிறவர் எவராயினும், அவர் கேளாமலே, முடியும்வரை காக்கவைக்கப்படுவார். என்விடியாவின் டிரைவர் இவ்வழக்கத்துக்கு உட்படவில்லை. இன்ன இடத்தில் சித்திரம் முடியும், இன்ன இடத்தில் நினைவகம் திரும்பக் கிடைக்கும் என்று கொடுப்பவரும் கொள்பவரும் பரஸ்பரம் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதே முறை என்பது அதன் பொறியாளர்களின் கட்சி. எக்ஸ்ப்ளிசிட் சிங்க் என்று பெயர் பெற்றது இதுதான்.

தத்துவ அளவில் நியாயம் அந்தக் கம்பெனியின் பக்கமே இருந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். 2016இல் வெளிவந்த வல்கன் கிராபிக்ஸ் முறையே வெளிப்படையான ஒத்திசைவின்மேல் கட்டப்பட்டது. ஆண்ட்ராய்டோ அதற்கும் முன்பே அந்த வழிக்குப் போயிருந்தது. ஒரு புரோகிராம் ஆயிரக்கணக்கான நினைவகத் துண்டுகளைக் கைவசம் வைத்திருக்கையில், குறிப்பிட்ட வேலை எந்தத் துண்டைத் தொடும் என்பது டிரைவருக்குத் தெரிய வழியில்லாதபோது, மௌன வழக்கம் எல்லாவற்றின்மேலும் அடையாளம் கட்டி, காத்திருக்க அவசியமில்லாத இடத்திலும் காக்கவைக்க நேர்கிறது. திறந்த டிரைவர்களை எழுதியவர்களும் இதை உணராதவர்கள் அல்லர். இரு முறைகளுக்கும் இடையே பாலமாகும் வசதியை அவர்களே 2022இல் லினக்ஸ் 6.0 கெர்னலில் சேர்த்தார்கள்.

ஆயினும் தத்துவத்தில் நியாயம் இருப்பவர், அந்தத் தத்துவம் ஊர் ஏற்றுக்கொள்ளும் வரை தம்மை நம்பிக் கார்டு வாங்கியவர்களின் திரை மின்னிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிடலாகாது. டிரைவர் மூடிய பெட்டியாக இருந்தபடியால், அக்கறையுள்ள வேறு எவரும் உள்ளே புகுந்து அந்த அடையாளத்தைக் கட்டிக்கொடுக்கவும் இயலவில்லை. நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் விவகாரத்திலும் இப்படித்தான், மற்ற எல்லோரும் ஜிபிஎம் என்னும் வழியில் செல்லத் தான் தனிவழி சென்று, 2021இல் வந்த 495ஆம் வரிசை டிரைவரில்தான் அக்கம்பெனி பொதுவழிக்குத் திரும்பியது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் கம்பெனியின் மேல் காட்டிய பகிரங்கமான கோபம் இன்றும் பேசப்படுகிறது. அந்தக் கோபத்துக்கு ஆதாரம் இருந்தது.

பரிகாரம் பிறந்ததோ, கம்பெனியின் பொறியாளர்களே பொதுமன்றத்துக்கு வந்து, எக்ஸ்வேலண்டுக்கான நிரலைத் தம் கையால் எழுதிக் கொடுத்து, மற்றவர்களின் ஆட்சேபங்களுக்கு வரிவரியாகச் சமாதானம் சொல்லித் திருத்திய பிற்பாடுதான். இதற்குரிய நெறிமுறை 2024 மார்ச்சில் வேலண்டின் தொகுப்பில் இடம்பெற்றது. மே மாதம் எக்ஸ்வேலண்ட் 24.1 பதிப்பும், என்விடியாவின் 555ஆம் வரிசைச் சோதனை டிரைவரும் வந்தன. ஜூனில், இந்த நெறிமுறையைக் கையாளும் கம்பாசிட்டரோடு கேடிஇ பிளாஸ்மா 6.1 என்னும் மேசைத்திரை வந்தது. இத்தனை காலம் விவாதித்தது வீண் என்று சிலர் குறைபட்டுக்கொள்வதை நான் ஒப்பவில்லை. ஒருமுறை வெளியிட்ட நெறிமுறையைப் பின்னால் மாற்றுவது எளிதன்று என்பதற்கு 1987இல் பிறந்து இன்றும் நம்மை விடாத எக்ஸ்11 பிரத்தியட்ச சாட்சி. விவாதத்தில் செலவான காலம் தகும்; பொதுமன்றத்துக்கு வராமல் கழிந்த காலத்தைத்தான் நான் நஷ்டக் கணக்கில் எழுதுவேன்.

அந்த நஷ்டத்தை இன்னும் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். 2012இல் தொடங்கிய கெப்ளர் வகைக் கார்டுகளுக்கு 470ஆம் வரிசையே கடைசி. எக்ஸ்ப்ளிசிட் சிங்க் அதில் வரவில்லை. 2022இல் கம்பெனி தன் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்து கொடுத்ததென்றாலும், அது 2018இல் வந்த டூரிங் வகைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் மட்டுமே உதவும். நன்றாக வேலை செய்யும் கெப்ளர் போன்ற பழைய கார்டை வைத்திருப்பவருக்கு, உபகார சிந்தையுள்ளவர்கள் சிரமப்பட்டு உருவாக்கிய நூவோ டிரைவர்தான் கதி. அந்தக் கார்டுகளுக்கு இனி டிரைவர் எழுதப்போவதில்லை என்று தீர்மானித்துவிட்ட கம்பெனி, அவை இயங்கும் விதத்தை விளக்கும் ஆவணங்கள் முழுவதையும் நூவோவை எழுதுகிறவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.